திருப்பி அடிக்கச் சொல்லலாமா? வளரும் பிள்ளைகளிடையே நடக்கும் சீண்டல் பற்றிய கேள்விகளுக்கு மனநல ஆலோசகரின் பதில்கள்

நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். ஏழாவது படிக்கும் பையனுக்குத் திங்கட்கிழமை வந்தால் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இதற்கிடையில் ஜியாமெட்ரி பாக்ஸ் மூன்று முறை தொலைந்துவிட்டது. நடிக்கிறானோ?
- ஒரு தாய், திருப்பூர்

நடிக்கவில்லைங்க. பயம் வந்தால் குடலின் இயக்கமே மாறும். ஸ்கேனில் தெரியாவிட்டாலும் வலி நிஜம். ஞாயிறு சாயங்காலம் தொடங்கி, லீவு விட்டால் காணாமல் போகிற வலி என்றால் காரணத்தைப் பள்ளியிலோ பள்ளி வேனிலோ தேட வேண்டும். எனக்கு வயிற்று வலியைவிட அந்த பாக்ஸ்தான் உறுத்துகிறது; யாராவது மிரட்டிப் பிடுங்கிக்கொள்கிறார்களோ என்னவோ. சாமான் அடிக்கடி தொலைவது, வீட்டுக்குள் நுழைந்ததும் கழிப்பறைக்கு ஓடுவது (பள்ளிக் கழிப்பறைக்குள் போகப் பயந்து நாள் முழுக்க அடக்கி வைத்திருப்பார்கள்), கொடுத்த காசு செலவாகியும் பசியோடு வருவது, இவற்றையும் கவனியுங்கள்.

"யாராவது அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "மத்தியானம் யாரோடு சாப்பிட்டாய்? வேனில் எங்கே உட்காருவாய்?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ கேட்டால் பிள்ளைகள் சுலபமாகப் பேசுவார்கள். அவன் சொல்லிவிட்டால் உங்கள் முதல் வார்த்தை, "சொன்னது நல்லதாச்சு கண்ணு, உன் மேல தப்பு இல்லை" என்று இருக்கட்டும். "நீ என்ன பண்ணினே?" என்று ஆரம்பித்தால் இன்னொரு முறை வாயைத் திறக்க மாட்டான்.

அன்றைக்கு ராத்திரியே, சீண்டுகிற பையன் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட வேண்டாம். தேதி, இடம், நடந்தது, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் எழுதி வகுப்பாசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் கொடுங்கள். என்றைக்குப் பதில் சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். ஷிஃப்ட் முடிந்து போக முடியாது என்றால் அரை நாள் லீவு போட்டாவது போங்கள். போனில் சொல்வதற்கும் நேரில் போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் காலத்தில் ஒருத்தன் அடித்தால் திருப்பி அடிப்போம். மறுநாள் ஒன்றாக வாய்க்காலில் குதிப்போம். மகள் வயிற்றுப் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அடி வாங்கிக்கொண்டு வந்து அழுகிறான். திருப்பி அடிக்கச் சொல்லலாமா?
- ஒரு தாத்தா, பொள்ளாச்சி

நீங்கள் சொல்வது சமபலம் உள்ள இரண்டு பேர் போட்ட சண்டை. பேரனுக்கு நடப்பது அது இல்லைங்க ஐயா. பள்ளிச் சீண்டல் பற்றிய ஆய்வில் முன்னோடியான நார்வே ஆய்வாளர் டான் ஓல்வியஸ் சீண்டலுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனாகப் பார்த்துச் செய்வது. திருப்பி அடிக்க முடிந்தவனாக இருந்தால் உங்கள் பேரனை அவர்கள் தேர்ந்தெடுத்தே இருக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னதற்காக அவன் அடித்து, தோற்று, இன்னும் கூடுதலாக வாங்கினால், அந்த அவமானத்தை உங்களிடம் சொல்லவும் மாட்டான். சீண்டப்பட்டு, பதிலுக்குத் தானும் மற்றவர்களைச் சீண்டத் தொடங்குகிற பிள்ளைகளின் மனநலம்தான் மற்ற எவரையும்விட மோசமாகப் பாதிக்கப்படுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

"கண்டுக்காம போ" என்பதும் தீர்வு இல்லை. இரண்டு அறிவுரையும் பிள்ளையைத் தனியாகத்தான் விடுகின்றன. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம் பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து வினாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. அதனால் பேரனுக்குக் குஸ்தி வேண்டாம், கூட்டாளி வேண்டும். அவன் வகுப்பில் நல்ல மாதிரியான இரண்டு பையன்களை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். இளநீர் வெட்டிக் கொடுங்கள், தண்ணித் தொட்டியில் ஆட விடுங்கள். அந்தச் சிநேகம் பள்ளியில் அவனுக்குத் துணையாக நிற்கும்.

எட்டாவது படிக்கும் என் மகன் சின்னப் பையன்களை மிரட்டிக் காசு வாங்குகிறான். பெல்ட்டால் வெளுத்துவிட்டேன். ஒரு மாதம் ஒழுங்காக இருந்தான். மறுபடியும் புகார்.
- ஒரு தந்தை, ஈரோடு

"என் பையன் அப்படிச் செய்ய மாட்டான்" என்று மறுக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

பலசாலி அடித்தால் நினைத்தது நடக்கும் என்று அவன் ஏற்கெனவே நம்புகிறான். பெல்ட் அதைத்தான் உறுதி செய்தது. இந்த வயதில் கோபமும் ஆசையும் வேகமாகப் பொங்கும்; அவற்றை நிதானிக்கிற முன்மூளை முழுதாக வளர இருபத்தைந்து வயதுகூட ஆகலாம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நிதானத்தை வெளியிலிருந்து நாம் கொடுத்துப் பழக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கு முன் அவனைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரிய பையன்கள் யாராவது அவனை மிரட்டுகிறார்களா? இரவு எத்தனை மணி வரை போன்? வீட்டில் குடி, சண்டை உண்டா? எட்டாவதிலும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறானா? படிப்பில் கிடைக்காத மரியாதையை முஷ்டியால் வாங்கப் பார்க்கிற பிள்ளைகள் நிறைய. இன்னொன்று, வளரும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் கோபமாகவும் வரலாம். முன்பு பிடித்த விளையாட்டுகூட இப்போது பிடிக்கவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே இதற்கான பிரிவு இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கிய காசை அவன் சேமிப்பிலிருந்து அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். போன் நேரத்தைக் குறையுங்கள். வாரம் ஒரு முறை ஆசிரியரைப் பாருங்கள். "நீ கெட்டவன்" என்று சொல்லாதீர்கள், "நீ செய்தது கெட்டது" என்று சொல்லுங்கள். விசேஷ வீடுகளில் "சிங்கக்குட்டிடா, ஒருத்தனும் இவன்கிட்ட வாலாட்ட முடியாது" என்று பாராட்டுகிற சொந்தக்காரர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களிடம் கண்டிப்பாகப் பேசிவிடுங்கள்.

என் கூட்டாளிகள் என்னை மட்டும் விட்டுவிட்டு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, என் நிறத்தை வைத்து மீம் போடுகிறார்கள். அம்மாவிடம் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார். சில நாள் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை.
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோபி

கண்ணு, இதை எழுதியதற்கு உன்னை மெச்சுகிறேன். கையால் அடிக்காவிட்டாலும் இதுவும் கொடுமைதான். ஒதுக்கி வைப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதினாயே, அதை இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் அம்மிச்சி, சித்தி, டீச்சர், யாராக இருந்தாலும் சரி. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள், இலவசம். 1098 உன் வயதுப் பிள்ளைகளுக்காகவே இருக்கிற எண். மீம்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள், பதில் போடாதே.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு: பிள்ளை சொன்னதும் போனைப் பிடுங்கினால், அடுத்த முறை சொல்லாது. "சாகணும்போல இருக்கா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் பேச்சு வெளியே வரும். தோட்டத்துச் சாளையில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒடிசாவிலிருந்து வந்த மாணவனை வகுப்பில் சிலர் "இந்திக்காரன்" என்று சீண்டுகிறார்கள். எல்லோரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைத்தேன். அதற்கப்புறம் அதிகமாகிவிட்டது.
- ஓர் ஆசிரியர், அவிநாசி

சமரசம் சமமானவர்களுக்குத்தான். பயந்த பிள்ளையை எதிரே நிறுத்தினால், சொன்னதற்கான பலனை அவன் இடைவேளையில் அனுபவிப்பான். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான, பள்ளிச் சீண்டலைத் தடுக்கும் கிவா திட்டத்தில் இரு தரப்பிடமும் தனித்தனியாகத்தான் பேசுகிறார்கள். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைப் பழக்குவதற்குப் பாடமே வைத்திருக்கிறார்கள். நீங்களும் முதலில் வேடிக்கை பார்க்கிற மாணவர்களைப் பிடியுங்கள். யார் சிரிக்கிறார்கள், யார் தலை குனிகிறார்கள் என்று பாருங்கள். தலை குனிகிறவர்களில் ஒருவனை அந்தப் பையன் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சீண்டுகிறவர்களை அடிக்கவோ வகுப்பு நடுவே அவமானப்படுத்தவோ கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே அதைத் தடை செய்கிறது. கேலி சாதிப் பெயரைத் தொட்டால் "பசங்க விளையாட்டு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தக் கொடுமைக்கு முன்னால் பள்ளியில் நடந்த சீண்டலை மறந்துவிட வேண்டாம்.

மகள் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் எட்டாவது படிக்கிறாள். ஞாயிறு மட்டும் போன். "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.
- ஒரு தாய், தாராபுரம்

பக்கத்தில் யாராவது நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம். "ஆமாம்", "இல்லை" என்று பதில் சொல்லும்படி கேளுங்கள்: "தனியா பேச முடியுதா?", "இந்த வாரமே நான் வரட்டுமா?" இரண்டாவது கேள்விக்கு அவள் தயங்கினாலே கிளம்பிவிடுங்கள். வெளியே கூட்டிப் போய்ச் சாப்பிட வையுங்கள், ராத்திரி அறையில் யார் விளக்கை அணைப்பது, யார் துணியை யார் துவைப்பது என்று சாவகாசமாகக் கேளுங்கள். அங்கே இருக்க முடியாது என்று அழுதால், கட்டிய பணத்தை யோசிக்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.