கண்ணை மூடி ஆடும் ஆட்டம்: மனக்காட்சிப் பயிற்சி கேள்வி பதில்

மனக்காட்சிப் பயிற்சி என்றால் ஆட்டத்தை மனத்திலேயே ஓட்டிப் பார்ப்பது. அதைப் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டப்புறக் காற்பந்து, கபடிக் குழுக்களைப் பழக்குபவர்கள் கேட்டவை.

கேள்வி: கோச், ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்து, "வெற்றிக் கிண்ணத்தைத் தூக்குற மாதிரி நினைச்சுக்குங்கடா" என்கிறேன். பலன் தெரியவில்லையே?

பதில்: கிண்ணம் தூக்குவதில் பழக என்ன இருக்கிறது? காலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெனால்டி என்றால் பூட்ஸ் போட்டு, 11 மீட்டர் புள்ளியில் பந்தை வைத்து, நின்றபடியே மனத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். விசில், ஒரு மூச்சு, நாலு எட்டு ஓட்டம், ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், உட்பாதம், இடது மூலை. உதைக்கும் கணத்தில் கை தட்டச் சொல்லி, கைப்பேசியில் நேரம் பாருங்கள். நிஜத்தில் ஐந்து வினாடி ஆவது மனத்தில் இரண்டில் முடிந்தால், எட்டுகளை விழுங்கிவிட்டான். மூன்று முறை மனத்தில், ஒரு முறை காலால். நாலு சுற்று போதும். 2001-இல் விளையாட்டு உளவியலாளர்கள் ஹோம்ஸும் காலின்ஸும் வகுத்த பெட்லெப் முறை சொல்வதும் இதைத்தான்: உடை, இடம், நேரம், படபடப்பு எல்லாம் அசலோடு ஒட்ட வேண்டும். மழையில் ஊறிய திடலென்றால், ஊன்றும் கால் சேற்றில் அழுந்துவதும் காட்சியில் வரட்டும்.

கேள்வி: கபடியில் ஏழு பேரையும் ஒரே காட்சியைப் பார்க்க வைப்பது எப்படி? எங்கள் இடது கார்னர் (ஓரத்தில் நிற்பவன்) பாய்ந்த பிறகுதான் கவர் (உள்பக்கம் நின்று துணைக்கு வருபவன்) விழிக்கிறான்.

பதில்: ஒரே காட்சி வேண்டாம். எதிரணி ஆள் பாடி வரும் ரெய்டு ஒன்று, பார்க்கும் கண்கள் ஏழு. ஒவ்வொருவனும் தன் இடத்தில் கண்ணை மூடி நிற்கட்டும். நீங்கள் உரக்கச் சொல்லுங்கள்: "கோட்டைத் தாண்டிட்டான்... வலப்பக்கம் போறான்... போனஸ் புள்ளிக்குக் கால் நீட்டுறான்... திரும்புறான்." நிஜ ரெய்டுக்கு 30 வினாடிதான், அதற்குள் முடியுங்கள். தான் பாயும் கணத்தில் ஒவ்வொருவனும் ஒரு தட்டு தட்ட வேண்டும். ஓட்டை எங்கே என்று காதே சொல்லிவிடும். கார்னரின் தட்டு முந்தி, கவருடையது பிந்தினால், பெரும்பாலும் கவர், பாடி வரும் ரெய்டரின் கையசைவைப் பார்த்து ஏமாந்து நிற்கிறான். இருவருக்கும் ஒரே குறி கொடுங்கள்: ரெய்டரின் எடை பின்காலுக்கு மாறும் நேரம். கவரின் காட்சியில் கூடுதலாக ஒன்று, ஓரக்கண்ணில் கார்னரின் தோள் இறங்குவது. தட்டுகள் சேர்ந்ததும் உடனே களத்தில் பாதி வேகத்தில், பிறகு முழு வேகத்தில் ஆட விடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் பிடி கலைந்துவிடும்.

கேள்வி: ஒரு பையன், "கண்ணை மூடினா இருட்டுதான் சார்" என்கிறான்.

பதில்: பொய் சொல்லவில்லை. சிலருக்கு மனத்தில் படமே வராது. வற்புறுத்தாதீர்கள். அவன் கண்ணைத் திறந்தபடி, கை கால் அசைத்து, உடம்பில் படும் அழுத்தத்தையும் சத்தத்தையும் நினைக்கட்டும். அவனே ரெய்டரைச் சரியாகப் பிடித்த ஆட்டத்தின் காணொளியைப் பத்து வினாடி காட்டிவிட்டுத் தொடங்கினால் இன்னும் நல்லது.

கேள்வி: ஒரு பையனுக்கு, பெனால்டி தவறியதே திரும்பத் திரும்ப மனத்தில் ஓடுகிறதாம்.

பதில்: "வெளியே அடிச்சிடாதே" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டதும் மனம் வரைவது வெளியே போகும் பந்தைத்தான். தவறு தெரிந்ததும் அங்கேயே நிறுத்தி, மூச்சு விட்டு, கடைசி இரண்டு எட்டை மட்டும் சரியாக ஓட்டச் சொல்லுங்கள். அது பிடிபட்ட பிறகு முழுக்காட்சி.

கேள்வி: வாரத்தில் எத்தனை நாள், அண்ணே?

பதில்: மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்தே போதும், அதற்கு மேல் கிண்டல்தான் நடக்கும். திடல் மூழ்கிய மாலையில் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) வைத்துக்கொள்ளலாம். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட மறக்காதீர்கள்.