ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த வேப்ப மரத்துக்கு எவ்வளவு கேட்பது?

தம்பி, ஓட்டின் மேல் சாய்ந்த வேப்ப மரத்தை 4,000 ரூபாய்க்குப் பேசி, மூன்று பேர் இரண்டு நாள் வெட்டியும் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எப்படி நிற்கும்? ஆள் கூலிக்கே பற்றாதே. மரத்தின் உயரத்தை மட்டும் பார்த்து விலை சொல்லிவிட்டீர்கள் போல. வெட்டவெளியில் அதே மரம் அரை நாளில் சாய்ந்துவிடும். ஓட்டுக்கு மேல் என்றால் ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டி, கவட்டையில் ஒரு சுற்றுப் போட்டு, கீழே ஒருவர் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும்.

நான் முதலில் எத்தனை நாள் என்று கணக்குப் போடுவேன். ஆள் கூலி, ஏறுபவருக்கு ஒன்றரை மடங்கு, மெஷின் ரம்பத்துக்குப் பெட்ரோல், ஆயில், மரத்தை ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி வாடகை எல்லாம் போட்டு, அதற்கு மேல்தான் என் பங்கு. தெருவோர வேம்பில் ஆணி புதைந்திருக்கும், ரம்பத்தின் செயின் பல் போய்விடும், அதையும் சேருங்கள். அப்புறம், விறகு யாருக்கு என்று முதலிலேயே பேசுங்கள். வேம்பின் அடிமரத்துக்குக் காசு வரும். முருங்கை என்றால் அள்ளிப்போடவும் நாம்தான் செலவழிக்க வேண்டும்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால், வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் ஏறவே ஏறாதீர்கள்.

வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்தும் விலை சொல்லாதீர்கள். ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டுப் போனேன். அடிமரம் விழ வேண்டிய இடத்தில் செப்டிக் டேங்க்.