வாட்டர்மார்க் போட்டால் நம் போட்டோவை யாரும் திருட மாட்டார்களா?

திருடுவார்கள். நான் போட்டிருந்தேன், அப்படியும் திருடினார்கள். ஆனாலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பது நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

"படத்தின் அழகு கெடாமல் ஓரத்தில் சின்னதாகப் பெயர் போட்டால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இப்போதுதான் நல்ல கேமரா வாங்கி, எடுத்ததை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்திருப்பீர்கள். நானும் ஓரத்தில் சின்னதாகத்தான் போட்டேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சோறு போடுவது கல்யாணமும் சடங்கு வீடும் பாஸ்போர்ட் சைஸும். பறவை எடுப்பது என் மனசுக்காக. நாங்குநேரி வட்டத்தில் கூந்தங்குளம் என்று ஒரு ஊர். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டும். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. 2019 மார்ச்சில் தொடர்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கிடந்தேன். கூழைக்கடாக் குஞ்சு தாயின் தாடைப்பைக்குள் கழுத்துவரை தலையை விட்டு மீன் எடுக்கும். அது ஒரு கணம்தான். நாலாவது ஞாயிறு கிடைத்தது. பிரிண்ட் போட்டு ஸ்டுடியோவில் மாட்டினேன். ஃபேஸ்புக்கிலும் போட்டேன், 2048 பிக்சல் அகலத்தில், வலது கீழ் மூலையில் வேப்பிலைகள் மேல் என் பெயரோடு.

2021 பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனால் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது. ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டர். அத்தைக்கு ஒரே சந்தோஷம். "ஏல, ஒம் படத்தக் காலண்டர்ல போட்ருக்கான், ஒரு வார்த்த சொல்லலயே!" என்றாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "ஒம் பேரு எங்கல?" என்றாள். பெயர் இருந்த இடத்தில் ஒரே வேப்பங்கொத்து அச்சு மாறாமல் அடுத்தடுத்து இரண்டு தடவை இருந்தது. பக்கத்திலிருந்த இலையை எடுத்துப் பெயர்மேல் ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்காரர், "படம் பூரா பிரஸ்காரங்க பாத்துப் போட்டது அண்ணாச்சி" என்றார். பிரஸ் சிவகாசியில். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த டிசைனர் தம்பி முதலில் "கூகுள்ல கெடக்க படந்தான அண்ணாச்சி" என்றான். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், தன் சிநேகிதன் எடுத்த படம் என்று பேச்சை மாற்றினான். நான் சண்டை போடவில்லை. கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கும் மூல ஃபைலை, ரா ஃபைல் என்போம், திறந்து காட்டினேன். அதற்கு முன்னும் பின்னும் விடாமல் எடுத்த 11 படங்களையும் காட்டினேன். முக்கியமான விஷயம், முழுப் படத்தில் இடது ஓரத்தில் இன்னொரு பறவையின் இறக்கை இருக்கும். வெளியே போடும்போது அதை நான் வெட்டியிருந்தேன். வெட்டிப்போன இறக்கையை வைத்திருப்பவன் எடுத்தவன் ஒருவன்தானே? பிரஸ் முதலாளி எழுந்து, நான் உட்கார நாற்காலி போட்டார். 6,000 ரூபாய் கொடுத்தார். பெயர் போடச் சொல்லித்தான் நான் போனேன், காலண்டரெல்லாம் அதற்குள் வீடு வீடாகப் போய்விட்டது.

"ஒரு பறவைப் படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, பறவை என்ன உன் வீட்டுப் பறவையா?" என்று கமெண்டில் யாராவது கேட்பீர்கள், எனக்குத் தெரியும். பறவை என்னுடையது இல்லைதான். நாலு ஞாயிற்றுக்கிழமை என்னுடையவை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூலையில் பெயர் வேண்டாம். வெட்டினால் போயிற்று. வானம், மங்கலான இலை மேலும் வேண்டாம், எனக்கு நடந்ததுதான் நடக்கும். இறகு, சேலை ஜரிகை, முகத்தை ஒட்டிய முடி என்று நுணுக்கம் அதிகமுள்ள இடத்தின் மேல், பாதி தெரியும்படி மெல்லிசாகப் போடுங்கள். அழிப்பவன் அந்த நுணுக்கத்தையும் சேர்த்து வரைய வேண்டியிருக்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே முத்திரையை அச்சுக் குத்தினாற்போலக் குத்தாதீர்கள். 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்களே காட்டினார்கள்: ஒரே அடையாளம் மாறாமல் பல படங்களில் இருந்தால், கணினி அவற்றை ஒப்பிட்டு அடையாளத்தை மட்டும் தனியே பிரித்து நீக்கிவிடும். படத்துக்குப் படம் கொஞ்சம் நெளித்து மாற்றினால் நீக்கிய தடம் தங்கிவிடும்.

அதைவிடப் பெரிய காவல், படத்தையே சின்ன அளவில் போடுவது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1000 பிக்சல், அதாவது 1000 புள்ளி, அகலமுள்ள படத்தை அப்படி அச்சடித்தால் சுமார் மூன்றேகால் அங்குலம்தான் வரும், அதை வைத்துக் காலண்டர் போட முடியாது. இப்போது பெரிதாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன, மறுக்கவில்லை. ஆனால் என் 2048 பிக்சல் அவர்களுக்கு அந்தச் சிரமத்தையும் வைக்கவில்லை. கேமரா எழுதும் தகவலோடு உங்கள் பெயரையும் ஃபைலுக்குள் சேர்க்கலாம்தான், வாட்ஸ்அப்பில் ஒரு தடவை சாதாரணமாகப் போய்வந்தாலே அது கழன்றுவிடும்.

நான் வக்கீல் இல்லை, பட்டறிவில் சொல்கிறேன். பதிவு செய்யாவிட்டாலும், எடுத்த நிமிடமே பதிப்புரிமை உண்டு. நம் 1957 சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65பி பிரிவுப்படி, எடுத்தவர் பெயர் போன்ற உரிமைத் தகவலைத் தெரிந்தே அனுமதியில்லாமல் நீக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அதனால்தான் அழிப்பார்கள் என்று தெரிந்தும் பெயர் போடச் சொல்கிறேன். பெயரே இல்லாத படத்தைத் திருடியவன் "தெரியாமல் எடுத்தேன்" என்று சொல்லலாம். பெயர்மேல் வேப்பிலை ஒட்டியவன் அப்படிச் சொல்ல முடியாது.

கல்யாணப் படம் என்றால் கதை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்கிறது 17-ஆவது பிரிவு. நம்மில் பாதி ஸ்டுடியோக்காரர்களுக்கே இது தெரியாது. கல்யாணம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்கு முன்னால் ஏழெட்டு செல்போன் கை நீள்கிறது. நாங்கள் நாலு மணிக்கே வந்து லைட் கட்டி அந்த ஒரு நொடிக்காக நிற்கிறோம். மறுநாள் "தாலி கட்றது சரியா விழலையே" என்று எங்களிடம்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து அந்த ஒரு நிமிடம் போனைப் பையில் வையுங்கள்.

பத்திரிகை, யூடியூப் சேனல் நடத்துபவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. "நன்றி: இணையம்" என்று போடுகிறீர்களே, இணையம் எந்தக் கூந்தங்குளத்தில் போய் வெயிலில் கிடந்தது? படத்தை வைத்தே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் பல நேரம் எடுத்தவர் பெயர் கிடைத்துவிடும்.

உங்கள் படத்தில் எந்த இடத்தில் பெயர் போடலாம் என்று சந்தேகம் இருந்தால் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சின்ன அளவில் போடுங்கள். ரா ஃபைலை எனக்கும் அனுப்ப வேண்டாம்.