ஹாரோ வீட்டு முகவரி: மிடில்செக்ஸா, லண்டனா?

வீட்டோட முந்தைய உரிமையாளர் முகவரியில மிடில்செக்ஸ்னு எழுதச் சொல்றார், வங்கிப் படிவத்துல அந்தப் பேரே இல்ல, தபால் வருமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா வரும். 1996-லிருந்தே ராயல் மெயிலுக்கு (பிரிட்டன் தபால் நிறுவனம்) கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரியான பகுதியோட பேர் தேவையில்லை. ஹாரோவும் போஸ்ட்கோடும் சரியா இருந்தா போதும்.

1965 ஏப்ரல் 1-ல் மிடில்செக்ஸ் கவுண்டி நிர்வாகம் கலைஞ்சு, ஹாரோ கிரேட்டர் லண்டனுக்குள்ள போயிடுச்சு. ஆனா லார்ட்ஸ் மைதானத்துல ஆடுற கிரிக்கெட் அணி இன்னும் மிடில்செக்ஸ்தான்! மே 16 அன்னிக்கு பக்கத்து வீட்டுல மூணு வளைஞ்ச வாளும் கிரீடமும் போட்ட சிவப்புக் கொடி பறந்தா, அது மிடில்செக்ஸ் நாள். சிரிச்சிடாதீங்க, பெரியவங்களுக்கு அது மானப் பிரச்சினை.

1974-ல் இதே மாதிரி கலைஞ்சு போன ரட்லண்ட் கவுண்டி 1997-ல் திரும்பி வந்துச்சு. மிடில்செக்ஸ் வரும்னு நான் நம்பல. படிவத்துல கிரேட்டர் லண்டன் போடுங்க. பொங்கல் வாழ்த்துல உங்க இஷ்டம்.