மாற்று ட்யூனிங்: தந்தியைத் தளர்த்தும் முன் கேட்டவை

கிட்டாரின் வழக்கமான சுருதி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கீழே வரும் பதில்களில் தடித்த தந்தி ஆறாவது, மெல்லியது முதலாவது. ட்யூனிங்குகளை எல்லாம் ஆறாவது தந்தியிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறோம்.

கேள்வி: இரண்டு வருடமாக வழக்கமான ட்யூனிங்கில்தான் வாசிக்கிறேன். முதலில் எதை மாற்றிப் பார்க்கலாம்? ட்யூனர் இல்லாமல் காதை வைத்தே மாற்ற முடியுமா?

பதில்: டிராப் டி-யில் ஆரம்பியுங்கள். ஆறாவது தந்தியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்க வேண்டும். 82.4 ஹெர்ட்ஸில் இருந்தது 73.4-க்கு வரும். மற்ற ஐந்து தந்திகளும் அப்படியே இருப்பதால் கை பழகிய கார்டுகள் பெரும்பாலும் மாறாது. ஆறாவது தந்தியில் மட்டும் ஒவ்வொரு சுரமும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) மேலே போய்விடும். 3-ல் பிடித்த ஜி இனிமேல் 5-ல் இருக்கும். ஜி கார்ட் பிடிக்கும்போதுதான் கை தடுமாறும், அதை முதலில் பழகிவிடுங்கள்.

அது பிடிபட்டதும் டாட்காட். அதாவது டி, ஏ, டி, ஜி, ஏ, டி. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டேவி கிரஹாம் மொராக்கோ போய்வந்த பிறகு, அங்கே ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்கத் தோதாக இதை வைத்துக்கொண்டார். பிரெஞ்சு கிட்டாரிஸ்ட் பியர் பென்சுசான் இந்த ஒரு ட்யூனிங்கிலேயே தன் வாசிப்பு முழுவதையும் கட்டியிருக்கிறார். மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் சுரம் திறந்த தந்திகளில் இல்லை என்பதுதான் இதன் பலம். அந்த முடிவை நீங்கள் விரலால் எடுக்கிறீர்கள்.

காதால் சேர்க்கும் முறை இது. நான்காவது தந்தி (டி) சரியாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறாவது தந்தியின் 12ஆவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டி எடுத்தால் ஹார்மானிக் வரும். அதையும் திறந்த நான்காவது தந்தியையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, இரண்டும் ஒன்றாகும் வரை ஆறாவதை இறக்குங்கள். அடுத்து, ஐந்தாவது தந்தியின் 12ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கோடு ஒன்றும்படி இரண்டாவது தந்தியை பி-யிலிருந்து ஏ-க்கு இறக்குங்கள். கடைசியாக நான்காவது தந்தியின் 12ஆவது ஃப்ரெட் ஹார்மானிக்கோடு முதல் தந்தியைச் சேர்த்தால் முடிந்தது. சுருதி நெருங்க நெருங்க ஒலியில் 'வவ்... வவ்...' என்று ஓர் அலை எழும். அது மெதுவாகி, நீண்டு, நின்றுபோகும் இடம்தான் சரியான இடம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இறக்கிக்கொண்டே வந்து அப்படியே நிறுத்தக் கூடாது. வேண்டிய சுரத்துக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். ட்யூனிங் கீயின் பல்சக்கரத்தில் சிறிது தளர்வு இருக்கும். ஏற்றி நிறுத்தினால்தான் அந்தத் தளர்வு இறுகி நிற்கும்.

கேள்வி: ட்யூனிங்கை மாற்றிவிட்டு ஒரு பாட்டு வாசிப்பதற்குள் சுருதி கலைந்துவிடுகிறது. கீ பழுதா?

பதில்: பெரும்பாலும் கீயின் மேல் தப்பு இல்லை. மூன்று தந்திகளைத் தளர்த்தியதும் கழுத்தின் மேல் இருந்த இழுவை குறைகிறது. கழுத்து மயிரிழை அளவு பின்னால் சாய்கிறது, நீங்கள் தொடாத தந்திகளும் சற்று ஏறிவிடுகின்றன. அதனால் ஒரு சுற்று போதாது. ஆறு தந்தியையும் சேர்த்து, ஒரு நிமிடம் வாசித்து, மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று சத்தம் வந்து சுரம் திடீரென்று தாவினால், நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கிப் போகும் பட்டை) வெட்டில் தந்தி சிக்கிக்கொண்டிருக்கிறது. தந்தியை வெட்டிலிருந்து தூக்கி வைத்துவிட்டு, 2பி பென்சிலின் முனையை வெட்டுக்குள் நன்றாகத் தேயுங்கள். அந்தக் கரித்தூள் தந்தியை வழுக்கவிடும். தந்தி மாட்டும்போது கீயின் தண்டில் மெல்லிய தந்திக்கு மூன்று சுற்று, தடித்ததற்கு இரண்டு சுற்று போதும். அதற்கு மேல் சுற்றினால் சுற்றுகளே ஒன்றையொன்று இறுக்கி, நாள் முழுக்க நழுவிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஓப்பன் ஜி வைத்திருக்கிறேன். ட்யூனரில் எல்லாத் தந்தியும் பச்சை காட்டுகிறது. ஆனாலும் மொத்தமாக மீட்டினால் ஏதோ உறுத்துகிறது. காதில் கோளாறா?

பதில்: உங்கள் காது நன்றாகவே இருக்கிறது. ஓப்பன் ஜி என்பது திறந்த தந்திகளே ஜி கார்டாக ஒலிக்கும் ட்யூனிங்: டி, ஜி, டி, ஜி, பி, டி. உறுத்துவது இரண்டாவது தந்தியின் பி.

ட்யூனர் காட்டுவது எண்சுரத்தை (ஒரு ஸ்தாயியை) 12 சம பாகமாகப் பிரித்த சுருதி. அதில் ஜி-க்கும் பி-க்கும் உள்ள தூரம், இயற்கையாக ஒத்திசைக்கும் தூரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் அதிகம் (ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). மூன்றாவது தந்தி 196 ஹெர்ட்ஸ். அதோடு சுத்தமாக ஒன்ற இரண்டாவது தந்தி 245 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், ட்யூனர் வைப்பதோ 246.9-ல். இரண்டின் மேல்சுரங்களும் மோதி விநாடிக்கு எட்டு அலை போல அடிக்கும். வழக்கமான ட்யூனிங்கிலும் இதே உறுத்தல் உண்டு, ஆனால் அங்கே கார்டுக்குக் கார்ட் இடம் மாறுவதால் காது கவனிப்பதில்லை. ஓப்பன் ட்யூனிங்கில் அது ஒரே தந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு மீட்டலிலும் பேசுகிறது.

மூன்றாவது, இரண்டாவது தந்திகளை மட்டும் சேர்த்து மீட்டுங்கள். இரண்டாவதை மெல்ல மெல்ல இறக்கினால் அந்த நடுக்கம் அடங்கி, ஒலி கண்ணாடி போல நிற்கும். ஸ்லைடு (தந்திகளின் மேல் நகர்த்தும் குழாய்) வைத்து வாசிப்பவர்கள் அங்கேயே விட்டுவிடலாம். ஒரே விரலைப் படுக்கவைத்து 5-ல் சி, 7-ல் டி, 12-ல் ஜி என்று வாசிப்பவர்களுக்கும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அந்தக் கார்டுகளில் எல்லாம் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் மூன்றாவது சுரம் இதே தந்தியில்தான் வரும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், இரண்டாவது தந்தியில் முதல் ஃப்ரெட்டையும் நான்காவது தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டையும் சேர்த்துப் பிடிக்கும் அந்தப் பிரபலமான பிடியில். அங்கே இரண்டாவது தந்தி கார்டின் மூலச் சுரமாகிவிடுகிறது, 14 சென்ட் இறங்கிய மூலச் சுரத்தைக் காது மன்னிக்காது. இந்தப் பிடியும் வேண்டும், திறந்த ஒலியும் வேண்டும் என்றால் 6 அல்லது 7 சென்ட் மட்டும் இறக்குங்கள். இரண்டு பக்கமும் தாங்கும்.

ஆறாவது தந்தி இந்த ட்யூனிங்கில் அடிக்கடி குறுக்கே வருகிறது என்று தோன்றினால் கழற்றிவிடலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஓப்பன் ஜி-யில் ஐந்து தந்திகளோடுதான் வாசிக்கிறார்.

கேள்வி: கர்னாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். கிட்டாரில் ஸ-ப ஒலிக்க வாசிக்க எது ஒத்துவரும்? என் சுருதி ஐந்தரை கட்டை.

பதில்: டாட்காட்டை ஸ்வரமாகப் படித்துப் பாருங்கள். டி-யை ஷட்ஜமாக வைத்தால் ஸ, ப, ஸ, ம, ப, ஸ. மாயாமாளவகௌளை இதில் அச்சில் வார்த்தது போல் விழும். நான்காவது தந்தி திறந்தபடி ஸ, 1-ல் ரி, 4-ல் க. மூன்றாவது தந்தி திறந்தபடி ம. இரண்டாவது திறந்தபடி ப, 1-ல் த, 4-ல் நி. முதல் தந்தி திறந்தபடி மேல் ஸ. பூர்வாங்கத்துக்கும் (ஸ முதல் ம வரை) உத்தராங்கத்துக்கும் (ப முதல் மேல் ஸ வரை) ஒரே விரலமைப்பு. சரளி வரிசை முழுவதையும் இதில் வாசித்துவிடலாம்.

ஆனால் திறந்த தந்தியில் கமகம் பிடிக்க முடியாது. மத்யமத்தை அசைக்க வேண்டிய இடத்தில் மூன்றாவது தந்தியை விட்டுவிட்டு நான்காவது தந்தியின் 5ஆவது ஃப்ரெட்டுக்குப் போங்கள். அதேபோல் அசைக்க வேண்டிய பஞ்சமத்துக்கு மூன்றாவது தந்தியின் 2ஆவது ஃப்ரெட். ராகத்தையும் பார்க்க வேண்டும். கல்யாணியில் திறந்த சுத்த மத்யமம் ஒலித்தால் ராகமே கெடும். மூன்றாவது தந்தியை ஓர் அரைச்சுரம் இறக்கினால் அது அந்தர காந்தாரமாகி கல்யாணிக்கும் மோகனத்துக்கும் பொருந்தும். பஞ்சமம் இல்லாத ஹிந்தோளத்தில் ஐந்தாவது, இரண்டாவது தந்திகள் தானாக அதிராதபடி வலது உள்ளங்கையின் ஓரத்தால் அணைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் சுருதி. டாட்காட் இரண்டு கட்டை. கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் இரண்டரை, 2-ல் மூன்று, 3-ல் நாலு. ஐந்தரைக்கு 6ஆவது ஃப்ரெட் வரை ஏற வேண்டும், அப்போது தந்தியின் நீளம் குறைந்து மந்த்ர ஸ்தாயியின் கனம் போய்விடும். அதற்குப் பதில் டி, ஜி, டி, ஜி, சி, டி என்று வையுங்கள். ப, ஸ, ப, ஸ, ம, ப. இது ஐந்து கட்டை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஐந்தரை. ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய தந்திகள் ஒரு முழுச்சுரம் இறங்குகின்றன, இரண்டாவது மட்டும் பி-யிலிருந்து சி-க்கு அரைச்சுரம் ஏறுகிறது. நல்ல தந்தி அதைத் தாங்கும். மாயாமாளவகௌளையின் அதே விரலமைப்பு இங்கே மூன்றாவது தந்தியில் தொடங்கும், மேல் ஸ மட்டும் முதல் தந்தியின் 5-ல்.

கேள்வி: அக்கூஸ்டிக் கிட்டாரில் ஓப்பன் ஈ வைக்கப் போய் இரண்டு தடவை தந்தி அறுந்துவிட்டது. ஏன்?

பதில்: தந்தியின் இழுவை, சுருதியின் வர்க்கமாக ஏறும். அரைச்சுரம் ஏற்றினால் 12 சதவீதம் கூடும், முழுச்சுரம் ஏற்றினால் 26 சதவீதம். ஓப்பன் ஈ (ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ) வைக்க ஐந்தாவதும் நான்காவதும் முழுச்சுரம் ஏற வேண்டும், மூன்றாவது அரைச்சுரம். 12-53 செட்டில் (மெல்லிய தந்தி 0.012 அங்குலம், தடித்தது 0.053) ஐந்தாவது தந்தியின் இழுவை சுமார் 13 அல்லது 14 கிலோ. அந்த ஒரு தந்தியில் மட்டும் மூன்றரை கிலோ கூடுகிறது. தந்தி தாங்கினாலும் பிரிட்ஜும் (உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டை) மேல்பலகையும் அந்தச் சுமையை நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

ஓப்பன் டி வையுங்கள்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் அதே ஓப்பன் ஈ. இதில் எந்தத் தந்தியும் ஏறுவதில்லை, நான்கு தந்திகள் இறங்கவே செய்கின்றன. அதற்கு மேலும் அறுந்தால் எங்கே அறுந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் நட்டிலோ சேடிலிலோ (பிரிட்ஜின் மேல் தந்தி உட்காரும் இடம்) ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே கூர் இருக்கிறது. 600 நம்பர் எமரி தாளை மடித்து நாலைந்து இழுப்பு இழுத்தால் சரியாகும்.

கேள்வி: எலக்ட்ரிக்கில் 10-46 தந்தி. டிராப் சி வைத்தால் தந்தி கயிறு மாதிரி ஆடுகிறது, எல்லா இடத்திலும் கரகரப்பு.

பதில்: டிராப் சி-யில் (சி, ஜி, சி, எஃப், ஏ, டி) ஆறாவது தந்தி நான்கு அரைச்சுரம் இறங்குகிறது. 8 கிலோ இழுவை 5 கிலோவாகிவிடும். பழைய பிடிப்பு வேண்டுமென்றால் ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் தந்தியின் தடிமனை 6 சதவீதம் கூட்டுங்கள். கணக்குப் போட்டால் 46-க்குப் பதில் 58, 36-க்கு 40, 26-க்கு 29, 17-க்கு 19, 13-க்கு 15, 10-க்கு 11. டிராப் டி மட்டும் போதுமென்றால் ஆறாவதை 52 ஆக்கினால் சரி.

58 தந்தி பழைய நட் வெட்டில் உட்காராது, மேலேயே தொங்கி நிற்கும். முதல் ஃப்ரெட்டில் பிடித்தால் சுரம் ஏறி ஒலிப்பது அதன் அடையாளம். வெட்டை அகலமாக்க வேண்டும், ஆழமாக்கக் கூடாது. பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் பிடித்த சுரத்தையும் ஒப்பிடுங்கள். பிடித்த சுரம் ஏறியிருந்தால் அந்தத் தந்தியின் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

தந்தியை மாற்றாமலே தொடர்ந்தால் கரகரப்பு எங்கே என்பதை வைத்து முடிவெடுங்கள். 1 முதல் 5 ஃப்ரெட்டுக்குள் மட்டும் என்றால் இழுவை குறைந்து கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராடைக் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) கால் சுற்று இடப்பக்கம் தளர்த்தி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 7ஆவது ஃப்ரெட்டின் மேல் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். கரகரப்பு எல்லா ஃப்ரெட்டிலும் என்றால் சேடிலை உயர்த்துங்கள். திறந்த தந்தியில் மட்டும் என்றால் நட் வெட்டு ஆழமாகிவிட்டது.

கேள்வி: நைலான் தந்தி கிட்டாரில் மாற்று ட்யூனிங் உண்டா?

பதில்: தாராளமாக. கிளாசிகல் கிட்டாரில் ஆறாவதை டி-க்கு இறக்குவது அன்றாட வழக்கம். மூன்றாவது தந்தியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கினால் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியத் தந்தி வாத்தியமான லூட்டின் தந்தி இடைவெளிகள் அப்படியே கிடைக்கும், 3ஆவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் சுருதியும் லூட்டை ஒத்துவரும். நைலான் நீளும் தன்மை உள்ளது. மாற்றிய பின் பத்து நிமிடம் விட்டு மறுபடி சேர்க்க வேண்டும்.

கேள்வி: மிதக்கும் ட்ரெமலோ (கைப்பிடியால் முன்னும் பின்னும் அசையும் பிரிட்ஜ்) உள்ள கிட்டாரில் ஒரு தந்தியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறிவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: பிரிட்ஜை ஒரு பக்கம் தந்திகளும் மறுபக்கம் ஸ்பிரிங்குகளும் இழுத்துச் சமநிலையில் வைத்திருக்கின்றன. ஒரு தந்தி தளர்ந்தால் ஸ்பிரிங்கின் கை ஓங்கும். பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் மாட்டிய உலோகக் கட்டை தெரியும். வழக்கமான ட்யூனிங்கில் சரியாகச் சேர்த்த நிலையில், அந்தக் கட்டைக்கும் கழுத்துப் பக்கத்து மரச்சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, அதே தடிமனில் ஒரு கெட்டியான மரத்துண்டைச் செருகுங்கள். பிரிட்ஜ் பின்னால் போக முடியாது, டிராப் டி-க்குப் போய்த் திரும்பி வந்தாலும் மற்ற தந்திகள் நகராது. கைப்பிடியை அழுத்திச் சுரத்தை இறக்கலாம், மேலே இழுத்து ஏற்றுவது மட்டும் போய்விடும்.