58 வயதில் புதிதாக வந்த கூச்சமின்மை: பாலியல் கோளாறா, மூளை நோயா?

அக்கரைப்பற்றுச் சகோதரிக்கு: வாப்பாவுக்கு 58 வயது, ஒரு வருடமாக ஆட்கள் முன்னால் சாரத்தை அவிழ்க்கிறார், அசிங்கமாகக் கதைக்கிறார், ஞாபகம் மட்டும் நல்லாயிருக்கு, இது பாலியல் கோளாறா என்று கேட்டிருந்தீங்க.

பெரும்பாலும் இல்லை. அந்தக் கோளாறு பொதுவாக இளவயதிலேயே தலைகாட்டிவிடும். இந்த வயதில் புதிதாக வந்தால் முதலில் மூளையைத்தான் பார்க்கவேணும். மூளையின் முன்பக்கத்தையும் பொட்டுப் பக்கத்தையும் தாக்கும் டிமென்ஷியா (மூளை தேயும் நோய்) 45க்கும் 65க்கும் இடையில் அதிகம் தொடங்கும். அதில் கூச்சமும் இரக்கமும் முதலில் போகும், ஞாபகம் பிறகுதான். அல்சைமர் என்ற மறதி நோயில் வழமையாக இது மறுதலை. இனிப்பை வாரிச் சாப்பிடுகிறாரா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரா என்றும் கவனியுங்க, இவையும் இதன் அடையாளங்கள்.

பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்குக் குளிசை எடுக்கிறாரா என்றும் பாருங்க. பிரமிபெக்சோல் போன்றவை பாலுணர்வைக் கட்டுமீறச் செய்யலாம். ஆனா நீங்களாக நிறுத்தவேணாம். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்க.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குப் போகமுதல் இரண்டு கிழமை குறிப்பெழுதுங்க: எத்தனை மணி, முன்னால் என்ன நடந்தது. சிலவேளை மூத்திரம் முட்டியோ புழுக்கத்தாலோதான் அவிழ்ப்பார். தைரொயிட், பி12, மூளை ஸ்கேன் கேட்பார்கள். அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் என்ற குளிசை, மேலே சொன்ன வகை டிமென்ஷியாவுக்கு உதவாது, சிலருக்கு நடத்தையை மோசமாக்கும்.

அதுவரை சாரத்துக்குப் பதிலாக இலாஸ்டிக் காற்சட்டை. ஏசவேணாம், கையில் துவாயைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைகளைத் தனியே அவரோடு விடவேணாம்.