டியூட்டி ஃப்ரீ பாட்டில்: எந்த நாட்டுக்கு ஃப்ரீ?

கேள்வி: சிங்கப்பூரில் 6 வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் நண்பர்களோடு மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டு அன்று ராத்திரியே திரும்பினேன். அங்கே டியூட்டி ஃப்ரீ கடையில் ஒரு லிட்டர் விஸ்கி வாங்கியிருந்தேன். 'ஒரு பாட்டில்தானே, ஒன்றும் ஆகாது' என்று கடைக்காரரே சொன்னார். சிங்கப்பூர் எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸ் சாவடியில் பையைத் திறந்து பார்த்து அபராதம் போட்டுவிட்டார்கள். பில்லைக் காட்டியும் பயனில்லை. இப்போது தங்கை கல்யாணத்துக்கு மனைவி, 8 வயது மகளோடு மதுரைக்குப் போகிறேன். சென்னையில் இறங்கி விமானம் மாற வேண்டும். மாமா, மச்சான், சித்தப்பா என்று ஆளாளுக்குப் பாட்டில் கேட்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர் ஒருவரும் தன் அண்ணனுக்கு ஒன்று கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். எத்தனை கொண்டுபோகலாம்? மறுபடி மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.
– பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்: கல்யாண வேலைக்கு நடுவில் இந்தக் கவலையும் சேர்ந்துகொண்டதா? முதலில் போன மாதக் கதையைத் தெளிவாக்கிவிடுகிறேன். அது புரிந்தால் மதுரைப் பயணத்தின் பாதிக் குழப்பம் போய்விடும்.

'டியூட்டி ஃப்ரீ' என்ற பலகை, அந்தக் கடை இருக்கிற நாட்டின் வரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சரக்கு நாட்டை விட்டு வெளியே போகிறது, அதனால் எங்கள் வரி இல்லை என்று அர்த்தம். நீங்கள் நுழையப்போகும் நாட்டுக்கும் அந்தப் பலகைக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே எவ்வளவு வரியில்லாமல் விடலாம் என்பதை அந்த நாட்டுச் சுங்கம்தான் முடிவு செய்யும். கடைக்காரர் அவருடைய பக்கத்துக் கணக்கைச் சொன்னார், அவ்வளவுதான்.

மதுவுக்கு வரிச்சலுகை கிடைக்க சிங்கப்பூர் வைத்திருக்கும் நிபந்தனைகளில் 2 உங்களுக்கு இடித்தன. திரும்பி வருவதற்கு முன் குறைந்தது 48 மணி நேரம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, மலேசியாவிலிருந்து வரக் கூடாது. அங்கிருந்து வந்தால் சலுகை பூஜ்யம். ஜொகூரில் ஒரு வாரம் தங்கியிருந்தாலும் ஒரு பீர் டின்னுக்குக்கூட வரி உண்டு. வரி கட்டிக் கொண்டுவரத் தடையில்லை. வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் நீங்களே போய், 'என்னிடம் ஒரு பாட்டில் இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் வரியோடு முடிந்திருக்கும். சிங்கப்பூரில் விஸ்கி போன்ற மதுவுக்கு, அதில் இருக்கும் சுத்த ஆல்கஹாலில் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரி. 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டர் என்றால் ஆல்கஹால் 400 மில்லி. 35 வெள்ளி 20 காசு, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஜொகூரில் மிச்சம் பிடித்ததைவிட இது கூடுதலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அபராதம் வந்திருக்காது, மனசும் நொந்திருக்காது.

சரி, மதுரைக்கு வருவோம்.

இந்தியச் சுங்க விதிப்படி பயணி ஒருவருக்கு 2 லிட்டர். விஸ்கி, ஒயின், பீர் எல்லாம் அந்த 2 லிட்டருக்குள்ளேதான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வாங்கியது, சென்னையில் இறங்கி வருகைப் பகுதிக் கடையில் வாங்குவது, இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். அங்கே 2, இங்கே 2 என்று கிடையாது.

இதில் நம் ஆட்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் பாட்டிலின் அளவு. விமான நிலையக் கடைகளில் ஒரு லிட்டர் பாட்டில் நிறைய இருக்கும். இரண்டு வாங்கினால் கணக்கு நேர். வெளியே கடையில் 750 மில்லி பாட்டில் மலிவாக இருக்கிறதே என்று மூன்றை எடுத்தால் 2 லிட்டர் 250 மில்லி. 700 மில்லி பாட்டில் மூன்று என்றால்கூட 100 மில்லி தாண்டுகிறது. அதிகப்படியாக இருப்பதற்குச் சுங்கத் தீர்வை உண்டு, அது பாட்டில் விலையோடு போட்டி போடும். அப்படித் தாண்டிவிட்டால், வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் போகாதீர்கள். சிவப்பு வழியில் போய்ச் சொல்லிக் கட்டிவிடுங்கள். உட்லண்ட்ஸ் பாடம் சென்னைக்கும் பொருந்தும்.

உங்களுக்கு 2 லிட்டர், மனைவிக்கு 2 லிட்டர். மகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டைக் காட்டி மதுப் பாட்டில் கேட்பதே சரியில்லை. ஒருவருடைய சலுகையை இன்னொருவருடையதோடு சேர்த்துக்கொள்ளவும் விதி இடம் தரவில்லை. அதனால் நாலு பாட்டிலையும் உங்கள் பையில் அடுக்கிவிட்டு, 'இதில் ரெண்டு என் மனைவியோடது' என்று சமாளிக்க வேண்டாம். அவர் பங்கை அவருடைய போர்டிங் பாஸைக் காட்டி வாங்கி, அவர் கையிலேயே கொடுங்கள். முன்கூட்டியே அவரிடம் கேட்டும் விடுங்கள். தன் பெயரில் பாட்டில் எடுத்துப்போக அவருக்கு விருப்பம் இல்லையென்றால் 2 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, பாட்டிலின் விலையும் மற்றப் பரிசுப் பொருட்களோடு சேர்ந்து ஒருவருக்கான மொத்த வரிச்சலுகைக்குள்தான் வரும். கல்யாணத்துக்கு வேறு சாமான்களும் வாங்கியிருப்பீர்களே, பில்களை ஒரு கவரில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாங்கியில் பாட்டிலை உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பில்லையும் உள்ளே வைத்து, வாயை ஒட்டித் தருவார்கள். சென்னை வரை அந்தப் பையைப் பிரிக்காமல் கையில் கொண்டுவரலாம். உங்களுக்குச் சிக்கல் அதற்குப் பிறகுதான். சென்னையில் குடியேற்றம் முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மதுரை விமானத்துக்கு மறுபடி பெட்டி போட வேண்டும். அப்போது பாட்டில்கள் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கைப்பையில் வைத்துக்கொண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனைக்குப் போய் நின்றால் அங்கேயே கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பாட்டில்கள், கடையில் வாங்கிய மூடி பிரிக்காமல், ஒருவருக்கு 5 லிட்டர் வரை பெட்டியில் போகலாம். 70-க்கு மேல் இருந்தால் விமானத்திலேயே ஏற்றக் கூடாது.

ஆகவே சிங்கப்பூரில் பெட்டி கட்டும்போதே இடமும் எடையும் விட்டு வையுங்கள். லிட்டர் பாட்டில் ஒன்று கண்ணாடியோடு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. ஒரு முறை சென்னையில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது, பெல்ட்டில் ஒரு சூட்கேஸ் வருவதற்கு முன்னாலேயே அதன் வாடை வந்தது. ஓரத்தில் பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அங்கேயே திறந்து பார்த்தார். உள்ளே பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பாட்டில் கழுத்து உடைந்து கிடந்தது. ஒரு புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் பேசாமல் நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. தங்கை கல்யாணப் புடவை இருக்கிற பெட்டியில் பாட்டிலை வைக்காதீர்கள். வேறு பெட்டியில், பிளாஸ்டிக் பையில் கட்டி, பழைய கைலியில் சுற்றி, நடுவில் படுக்க வையுங்கள்.

கூட வேலை பார்ப்பவரின் பாட்டிலுக்கு என் பதில், வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சுங்கத்தில் கேட்டால் அது உங்கள் பாட்டில், உங்கள் 2 லிட்டரில் ஒன்று. அடுத்தவர் சரக்கைத் தூக்கிப் பிழைப்பவர்களைக் குருவி என்கிறோம். நீங்கள் காசு வாங்கப் போவதில்லைதான். இருந்தாலும் நீங்கள் வாங்காத, யார் மூடியது என்று தெரியாத பாட்டிலைக் குழந்தையோடு போகிற பயணத்தில் ஏன் சுமக்க வேண்டும்?

மாமா, மச்சான்மாரிடம் இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: 'மாமா, ஆளுக்கு ரெண்டு லிட்டர்தான் விடுறாங்க. வீட்டுக்கு மொத்தமா ஒன்னோ ரெண்டோ கொண்டாரேன், எல்லாரும் பகிர்ந்துக்கங்க.' கல்யாண வீட்டில் வந்து நின்று சொன்னால் வருத்தம், முன்னாலேயே சொன்னால் அது வெறும் தகவல். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. மாமா பையன்களிடம் பாட்டில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி சாங்கிக்கு நேராக வரும்போது 48 மணி நேரம் தாண்டியிருக்கும், உங்களுக்குச் சலுகை உண்டு. அதுவும் 2 லிட்டர்தான், ஆனால் அதில் விஸ்கி வகை ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. மீதி ஒரு லிட்டர் ஒயினாகவோ பீராகவோ இருக்கலாம்.